வெள்ளிக்கிழமைக் காம்பு

ஏங் கண்ணு, இந்த சீட்டுக்கு ஆராச்சும் வர்றாங்களா? இல்லியா? அப்ப நான் உக்காந்துக்கறேன். சன்னலோரம் நீயே இரு. எனக்கு வேடிக்கை பாக்கற மனசில்ல இன்னிக்கு.

மூக்கு சுளிக்கறே, பாத்துட்டேன். பரவால்ல விடு. பொகையிலை வாசம்தான். காத்தால சீயக்காய் போட்டு ரெண்டு வாட்டி தலைக்கு ஊத்திட்டுத்தான் கெளம்பினேன். போகாது. முப்பது வருசமா ஊறினது எங்க போகும்? ஆனா ஒண்ணு, நான் வாயில போடறவ இல்ல. ஒரு நாளும் போட்டதில்ல. பஸ்ஸுல என்ர பக்கத்துல ஆரும் உக்கார மாட்டாங்க. ரெண்டு பேர் சீட்டுல நான் ஒருத்தியாத்தான் போவேன். நீ எந்திரிச்சுப் போகல, அதுவே பெருசு.

கோயமுத்தூர் வரைக்குமா போறே? காலேஜா? நல்லது. நானும் அங்கதான். ஒருத்தரப் பாக்கோணும். ஒரே ஒரு கேள்வி கேட்டுப்போட்டுத் திரும்பி வந்தரோணும். அவ்வளவுதான்.

எனக்கு அந்தியூர்ப் பக்கம். எங்கூர்க் கெணத்துத் தண்ணி உப்பு கண்ணு. நெல்லு வராது. வாழை வெச்சா ஓரமெல்லாம் கருகிப் போகும். பொகையிலை மட்டும் அந்த உப்புத்தண்ணியக் குடிச்சுட்டு நெகுநெகுன்னு நிக்கும். அப்பறம் எங்க சனம் வேற என்னத்தைப் பயிர் பண்ணும்? ஐப்பசில நாத்து நட்டா, தலை கிள்ளறது, பக்கக் கெளை ஒடிக்கறது, அறுக்கறது, பந்தல்ல கட்டித் தொங்க விடறது, அப்பறம் குடோன்ல அடுக்கி வெல்லத்தண்ணி தெளிச்சுப் பாடம் போடறதுன்னு ஏழு மாசத்துக்கு ஒரு பொம்பளை ஊட்ல சும்மா இருக்க மாட்டா. பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்டறது, கண்ணாலம், காது குத்து, போர் போடறது எல்லாம் பொகையிலை வித்த பொறகுதான். உன்னையாட்டம் காலேஜுக்குப் போற புள்ளைங்க எங்கூர்ல முப்பது பேரு இருக்குதுங்க. எல்லாம் அந்த இலையில படிச்சதுங்கதான்.

லேசான வேலைன்னு நெனச்சுக்காத. தலை கிள்ளற அன்னிக்குக் கையில பிசினாட்டம் ஒட்டும், சோறு அள்ள முடியாது. பழகாதவளுக கெறங்கி விழுந்து வாந்தி எடுப்பாளுக. நானும் எடுத்திருக்கறேன். ஒரு சொம்பு மோரக் குடிச்சுட்டு மறுக்கா எறங்குவோம்.

என்ர ஊட்டுக்காரரு பாடம் போடறதுல கெட்டிக்காரரு. இலை பதத்துக்கு வந்துருச்சான்னு ஒரு கிள்ளுக் கிள்ளி வாயில வெச்சுப் பாப்பாரு. அதுதான் அவுரு வேலையே. அந்த வாயிலயே புண்ணு வந்துச்சு. ஈரோட்டுல காட்டினோம், கோயமுத்தூர்ல காட்டினோம். முப்பத்தெட்டு வயசுல போயிட்டாரு. எனக்கு அப்ப முப்பத்தொண்ணு. புள்ளை குட்டி இல்ல.

அதுக்கப்பறம் இலையத் தொட மாட்டேன்னுட்டேன். தொடாம வேற எங்க போயிப் பொழைக்கறது? குடோனுக்குப் பின்னால காம்பு மலையாட்டம் குமிஞ்சு கெடக்கும். இலைக்கு நடுவுல ஓடுற நரம்பு இருக்குதல்ல, அதை உரிச்சு எடுத்துட்டுத்தான் இலைய அனுப்புவாங்க. அந்தக் காம்பு ஆருக்கும் ஆகாது. வாரத்துக்கு ஒருக்கா தீ வெச்சு எரிப்பாங்க. தெருவே இருமும். நான் போயி மொதலாளிகிட்ட, அதை எனக்குக் குடுங்கன்னு கேட்டேன்.

“குப்பைய வெச்சு என்ன பண்ணுவே சம்பூரணம்?”ன்னு சிரிச்சாரு.

அந்தக் குப்பையிலதான் கண்ணு நான் இருவத்து மூணு வருசமா சோறு திங்கறேன். காம்ப மக்க வெச்சு தென்னைக்குப் போடலாம், வாழைக்குப் போடலாம், அருமையான எரு. ஒரு கிலோ காம்ப பத்து லிட்டர் தண்ணியில போட்டு அரை மணி நேரம் கொதிக்க வெச்சு, ஆறினதும் வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கரைச்சு, வெயில் தாழத் தெளிச்சா அசுவினி, மாவுப்பூச்சி ஒண்ணு நிக்காது. தெளிக்கறப்ப மூக்குல துணி கட்டிக்கோணும், அதுவும் வெசம்தானே. தூள கோழிக்கூண்டச் சுத்திப் போட்டா பேன் அண்டாது. காஞ்ச செடித்தட்டு அடுப்பெரிக்க ஆகும். வெதையில எண்ணெய் கூட எடுக்கலாமாம். நான் எடுத்ததில்ல. சனம் மெல்லற இலைய நான் விக்கறதில்ல கண்ணு. அது ஒரு வைராக்கியம்னு வெச்சுக்க. மிச்சம் விழுகறதை மட்டும்தான் விக்கறது.

குடோனுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் குடுத்திருக்கறாங்க. அங்கதான் இருக்கறேன். வேலைக்கு வர்ற பொம்பளைக அஞ்சு மணிக்குப் போயிருவாளுக. அப்பறம் காத்தால வரைக்கும் பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. ரேடியோ ஒண்ணு வெச்சிருந்தேன், அதுவும் ரிப்பேரு. பழகிப்போச்சு. தனியா இருக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஆரு தயவும் வேண்டாம் பாரு.

அப்பத்தான் அவுரு வந்தாரு. நாலு வருசம் இருக்கும். ஒரு தை மாசம், வெள்ளிக்கெழமை. சத்தியமங்கலத்துக்கு மேக்கால ஒரு ஊரு அவுருக்கு, ரெண்டு பஸ் மாறி வரோணும். சென்னியப்பன்னு பேரு. அறுவது இருக்கும். அரை ஏக்கர் மல்லி வெச்சிருந்தாரு. பொண்டாட்டி செத்து வருசம் ரெண்டு ஆச்சாம். மகன் கோயமுத்தூர்ல வேலை. மல்லியில பூச்சி விழுந்து, எந்த மருந்துக்கும் கேக்கலைன்னு ஆரோ என்னையச் சொல்லி அனுப்பியிருக்கறாங்க.

நான் கசாயம் வெக்கற வெதத்தச் சொன்னேன். மூணு வாட்டி சொல்ல வெச்சாரு. காது மந்தமோன்னு நெனச்சேன். அரை மூட்டை கட்டிக் குடுத்து, மூட்டை மேல பெரிய பேனாவுல என்ர போன் நம்பரையும் எழுதினேன். எல்லா மூட்டையிலயும் எழுதறதுதான்.

அடுத்த வெள்ளிக்கெழமை மறுக்கா வந்தாரு. “பூச்சி போயிருச்சுங்க”ன்னாரு. அப்பறம் எதுக்குங்க வந்தீங்கன்னு கேட்டேன். “திரும்ப வந்துட்டா? அதான் முன்கூட்டியே”ன்னாரு. சாக்கிரதையான மனுசன்னு நெனச்சுக்கிட்டேன்.

அதுக்கப்பறம் வெள்ளிக்கெழமை தவறாது. பத்தரை மணி பஸ்ஸுக்கு வருவாரு. வேப்பமரத்தடியில ஒரு கல்லு கெடக்குது, அதுல உக்காருவாரு. நான் மூட்டை கட்டிட்டே பேசுவேன், அவுரு கேட்டுட்டே இருப்பாரு. அவுரு அதிகம் பேசற ஆளில்ல. நான்தான் பேசுவேன். மொதலாளியப் பத்தி, குடோன் பொம்பளைகளப் பத்தி, இந்த வருசம் மழை பெஞ்சு பந்தல்ல இலை பூசணம் புடிச்சதப் பத்தி. வெள்ளிக்கெழமை மட்டும் எனக்கு வாய் வலிக்கும். மத்த நாள்ல வாய்க்கு வேலையே இல்லியே. ஒண்ணரை மணி பஸ்ஸுக்குப் போயிருவாரு. அரை மூட்டை கட்டறதுக்கு மூணு மணி நேரமாகும் எனக்கு. இப்ப நெனச்சா சிரிப்பு வருது, மத்த நாள்ல ஒரு மணி நேரத்துல எட்டு மூட்டை கட்டுவேன்.

வர்றப்ப வாழை இலையில சுத்தி மல்லிப்பூ கொண்டாருவாரு. அவுரு தோட்டத்துப் பூவு. நான் எங்க வெக்கறது? முருகன் படத்துக்குப் போட்டுருவேன். மிச்சத்தைக் குடோன் புள்ளைகளுக்குப் பங்கு வெப்பேன். ஒருக்கா அவுரு, “ஒரு கண்ணி எடுத்துத் தலையில வெச்சுக்கங்க, ஆரு என்ன சொல்லப் போறாங்க?”ன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். “ஊர்ல நாலு பேரு நாலு வெதமாப் பேசுவாங்க, நீங்க பஸ்ஸேறிப் போயிருவீங்க”ன்னு கத்திப்போட்டேன். தலையக் குனிஞ்சுட்டாரு. அடுத்த வாரமும் பூ கொண்டாந்தாரு. படத்துக்குப் போடுங்கன்னு அவுரே சொல்லிட்டாரு.

ஒரு வருசம் கழிச்சு பூ வர்றது நின்னு போச்சு.

நான் என்ன நெனச்சேன்? பூச்சி அதிகமாயிருச்சு, பூ புடிக்கலைன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு. அரை மூட்டைய முழு மூட்டையாக்கிக் குடுத்தேன். தூளு வேற தனியா ஒரு பை, சும்மாவே குடுத்தேன். அவுரு ரெண்டையும் தூக்கிட்டு வெயில்ல நடந்து பஸ்ஸுக்குப் போனாரு. அந்த மூட்டையத் தூக்கறதுக்குள்ள அவுருக்கு மூச்சு வாங்கும்.

“மல்லி எப்படிங்க இருக்குது?”ன்னு ஒரு நாளு கேட்டேன்.

“மல்லிய எடுத்துட்டனுங்க. இப்ப மொளகாய்.”

“அட, மொளகாய்க்கா இதைத் தெளிக்கறீங்க? மொளகாய், தக்காளி, கத்திரி இதுக்கெல்லாம் பொகையிலை ஆகவே ஆகாதுங்க. இலை சுருண்டு போகும், சீக்கு வரும். மொத நாளே சொன்னனே!”

அவுரு மரத்தைப் பாத்துட்டே, “அப்ப வெண்டைக்காய்ன்னு வெச்சுக்கங்க”ன்னாரு.

வெச்சுக்கங்கன்னா என்ன கண்ணு அர்த்தம்? தோட்டத்துல என்ன நிக்குதுன்னு கூடவா ஒரு குடியானவனுக்குத் தெரியாது? பண்ணயத்துல வெவரம் பத்தாத மனுசன்னு எனக்கு ஒரே எரிச்சல். ஆனா வந்தா வரட்டும்னு இருந்தேன். வாடிக்கை அல்ல?

போன ஆவணியில ஒரு வெள்ளிக்கெழமை, ஒண்ணரை பஸ்ஸை விட்டுட்டாரு. பஸ்ஸு வந்து நின்னுச்சு, அவுரு எந்திரிக்கல. பஸ்ஸுங்க, பஸ்ஸுங்கன்னு நான் கத்தறேன். போகட்டும்னாரு. அப்பறம் துண்டு நுனிய முறுக்கிட்டே, “என்ர ஊட்ல ரெண்டு ரூம் சும்மா கெடக்குதுங்க. ஒத்தை ஆளு. சமைக்கறதும் ஒத்தை ஆளுக்கு”ன்னாரு.

நான் பட்டுன்னு சொன்னேன், “வாடகைக்கு விடுங்க. சத்திப் பக்கம் இப்ப நல்ல வாடகை வருதாமா.”

அவுரு என்னையே பாத்தாரு. அப்பறம் லேசாச் சிரிச்சாரு. “ஆமாங்க. விடலாம்”ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. மூணு மணி பஸ்ஸுல போயிட்டாரு. மூட்டைய மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு கண்ணு. நான் தலையில தூக்கிட்டு ஓடினேன், பஸ்ஸு போயிருச்சு.

அடுத்த வெள்ளிக்கெழமை வரல. மழைன்னு நெனச்சேன். அதுக்கு அடுத்ததும் வரல. நல்ல காம்பாப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டித் தனியா வெச்சிருந்தேன். ஒரு தென்னந்தோப்புக்காரரு வந்து அதைக் கேட்டாரு. குடுக்க மாட்டேன்னேன். “வேற ஆளுக்கு எடுத்து வெச்சதுங்க.” “அந்த ஆளுதான் வரலியே?” “வருவாரு.” சண்டையே ஆயிப்போச்சு. யாவாரம்னா ஒரு நாணயம் வேணுமல்ல?

ஏழு வெள்ளிக்கெழமை போச்சு. அவுரு போன் நம்பர நான் ஒரு நாளும் கேட்டு வாங்கினதில்ல. பத்தரை பஸ்ஸு வர்றப்ப எல்லாம் கை நின்னு போகும். எதுக்குன்னு தெரியல. சோறு எறங்கல. வயித்துல என்னமோ கோளாறுன்னு வெந்தயம் முழுங்கினேன்.

அப்பறம் போன வாரம் ஒரு போனு. ஒரு பொம்பளைப் புள்ளை. ரேவதின்னு சொல்லுச்சு.

“ஏனுங்க்கா, காம்பு விக்கறவங்களா? இங்க சென்னியப்பன் மாமா ஊட்ல உங்க நம்பர் எழுதின மூட்டையா கெடக்குதுங்க. ஊடு வித்தாச்சு, காலி பண்ணோணும். வந்து எடுத்துக்கறீங்களா?”

எனக்கு அந்த ஊர் எந்தத் தெசைன்னு கூடத் தெரியாது. ஞாயித்துக்கெழமை குடோன் லீவு, விசாரிச்சு விசாரிச்சுப் போனேன். நாலு வருசமா அவுரு வந்து போன வழி. நான் ஒரு வாட்டி கூடப் போனதில்ல.

ரேவதி பக்கத்து ஊட்டுப் புள்ளை. மாட்டுக் கொட்டகையத் தொறந்து காட்டுச்சு. மாடு இல்ல. தரையில இருந்து ஓடு வரைக்கும் மூட்டை கண்ணு. என்ர மூட்டை. நான் போட்ட முடிச்சு. ஒண்ணு கூட அவுக்கல. மழை படக்கூடாதுன்னு அடியில பலகை போட்டு, மேல தார்ப்பாய் மூடி அடுக்கியிருந்தாரு.

“தோட்டம் எங்க?”ன்னு கேட்டேன்.

ரேவதி கையக் காட்டுச்சு. சைட்டுக் கல்லு நட்டுக் கெடக்குது. மல்லியும் இல்ல, வெண்டையும் இல்ல. “மகன் பிளாட் வாங்கறதுக்குன்னு வித்து மூணு வருசம் ஆச்சுங்க்கா. இப்ப ஊட்டையும் வித்துட்டாரு. மாமா குளியல் ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சு போச்சு. அதான் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

எப்ப விழுந்தாருன்னு கேட்டேன். அந்த ஆவணி வெள்ளிக்கெழமைக்கு மூணாம் நாளு.

எனக்கு ஒண்ணும் புரியல. செடி இல்லாத மனுசனுக்கு எதுக்குக் காம்பு? மூணு வருசமா? ரெண்டு பஸ்ஸு மாறி, அந்தச் சுமையத் தூக்கிட்டு? எதுக்குன்னு அந்தப் புள்ளைகிட்டயே கேட்டேன்.

அது என்னையவே பாத்துச்சு. “வெள்ளிக்கெழமையானா மாமா வெடியால எந்திரிச்சு சவரம் பண்ணி, சலவைச் சட்டை போட்டு, தலை வாரிட்டுக் கெளம்புவாருங்க்கா. நாங்கெல்லாம் கேலி பண்ணுவோம், எங்க பொண்ணு பாக்கவான்னு. சிரிச்சுட்டே போவாரு. நீங்கதானா அது?”

“நான்தான் காம்புக்காரி”ன்னேன்.

அந்தப் புள்ளை சிரிச்சுது. அப்பறம் பாத்தா முந்தானையில கண்ணைத் தொடைக்குது. எதுக்கு அழுததுன்னு எனக்குத் தெரியல. எனக்கும் அந்தக் கொட்டகைத் தூசி கண்ணுல பட்டு ஒரே கரிப்பு.

மூட்டைய நான் கொண்டாரல. வண்டி வெச்சுக் கொண்டாந்திருந்தா நல்ல வெலைக்குப் போயிருக்கும், இப்ப தென்னையில வெள்ளை ஈ வந்து அவனவன் அலையறான். ஆனா மனசு வரல. அந்த ஊர்லயே தென்னை வெச்சிருக்கறவங்களக் கூப்பிட்டு, ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். நான் போட்ட முடிச்ச நானே ஒவ்வொண்ணா அவுத்துக் குடுத்தேன். நகம் ஒடஞ்சு போச்சு. முடிச்ச அவ்வளவு எறுக்கியா போட்டிருந்தேன்?

திரும்பறப்ப ரேவதி, அவுரு மகன் ஊட்டு விலாசத்தை எழுதி என்ர கையில திணிச்சுது. நான் கேக்கல. அதுவாத்தான் குடுத்துச்சு. பாரு, இதுதான். சரவணம்பட்டி எங்க இருக்குது? காந்திபுரத்துல எறங்கி வேற பஸ்ஸா? சரி.

இன்னிக்குக் காத்தால குடோன்ல, ஒரு நாளு வர மாட்டேன்னு சொன்னேன். மொதலாளி மகன் ஆடிப் போயிட்டான். “ஒடம்பு சரியில்லியாங்க்கா? இருவத்து மூணு வருசத்துல நீங்க லீவே போட்டதில்லையே?” ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். செடியில்லாம எதுக்குங்க காம்பு வாங்கினீங்க? அதைக் கேட்டுப்போட்டா எனக்கு நிம்மதி. வேற ஒண்ணுமில்ல. இடுப்பு எப்படி இருக்குதுன்னும் கேக்கோணும். கட்டில்ல கெடக்கற மனுசனப் பாக்கறது ஒரு மொறை. அங்க அவுருகிட்டப் பேசறதுக்கு ஆளு இருக்குதோ இல்லியோ. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா பகலெல்லாம் சொவுத்தப் பாத்துட்டுத்தான் கெடக்கோணும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு.

நீ என்ன அப்படிப் பாக்கறே? ரேவதி பாத்தாப்பலயே பாக்கறே. உங்க வயசுப் புள்ளைகளுக்கெல்லாம் என்னமோ தெரியுது, எனக்குத்தான் சொல்ல மாட்டேங்கறீங்க.

சரி, ஒரு ரோசனை சொல்லு. படிச்ச புள்ளை நீ. நான் போயிக் கதவத் தட்டறேன்னு வெய்யி. அவுரு மகன் வந்து தொறப்பான். நான் அவனப் பாத்ததில்ல, அவனும் என்னையப் பாத்ததில்ல. ‘நீங்க ஆருங்க?’ன்னு கேப்பான். கேப்பானல்ல? அதுக்கு என்ன சொல்றது? காம்பு விக்கறவன்னா, அதெல்லாம் வேண்டாம்னு கதவச் சாத்திருவான். ஒறம்பரை, சொந்தக்காரின்னு சொல்ல முடியாது. சிநேகிதம்னு சொன்னா எங்கூர்ல நாக்கைப் புடுங்கிக்கற மாதிரிக் கேப்பாங்க. அந்தியூர்ல இருந்து இது வரைக்கும் இதையேதான் யோசிச்சுட்டு வர்றேன். ஒரு வார்த்தை அமைய மாட்டேங்குது.

தெரியலியா? உனக்கும் தெரியலியா?

காந்திபுரமா? வந்துருச்சா? இரு, செருப்ப மாட்டிக்கறேன். சித்தெ கையப் புடி கண்ணு, காலு மரத்துப் போச்சு.

நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. வாசல்ல நிப்பேன். மகன் உள்ள திரும்பி, ‘அப்பா, ஆரோ ஒரு அம்மா வந்திருக்கறாங்க, ஆருங்கப்பா இவங்க?’ன்னு கேப்பான். கட்டில்ல இருந்து எட்டிப் பாத்துட்டு அவுரு என்ன சொல்றாரோ, அதையே நானும் கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்.